ஒன்பது வோல்ட்

இரும்பையில் நண்பன் வீட்டு மொட்டைமாடி. இரண்டு பாட்டுதான் வாசித்திருப்பான். பேஸ் கிட்டார் கரகரத்து, அப்படியே ஊமையாகிவிட்டது. பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி கிளிப் முழுக்கப் பச்சைக் களிம்பு. மரக்காணம் உப்பளங்கள் மேல் வீசுகிற அதே கடல்காற்று கிட்டாருக்குள்ளும் புகுந்திருந்தது. "அடுத்து வாங்குறப்போ ஆக்டிவா, பாஸிவாடா?" என்றான். ராஜா பாட்டுகளில் பேஸைக் கேட்டு வாசிக்க வந்தவன். இரண்டாம் தடவையும் தப்பாக வாங்க அவனிடம் காசில்லை.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வரலாறு உண்டு.

1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், பாஸிவ். காந்தம், அதைச் சுற்றிய மெல்லிய செம்புக்கம்பி, வால்யூம், டோன். அவ்வளவுதான். தந்தியின் அதிர்வே மின்சாரத்தை உண்டாக்கும், பேட்டரி வேண்டாம். டோன் குமிழைத் திருப்பி மேல் ஒலிகளைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. இன்னொரு சிக்கல், பிக்கப்பின் மின்மறுப்பு அதிகம். கேபிளோ ஒரு கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். கேபிள் நீள நீள, மேல் அதிர்வெண்கள் வழியிலேயே கரைந்துபோகும்.

அறுபதுகளின் கடைசியில் ராக் இசை பெரிய அரங்குகளுக்குப் போனபோது இது நிஜமான தலைவலி ஆனது. 1969இல் கலிஃபோர்னியாவில், கிரேட்ஃபுல் டெட் குழுவைச் சுற்றி உருவான அலெம்பிக், கிட்டாருக்குள்ளேயே ஒரு ப்ரீ-ஆம்பை வைத்தது. அது மின்மறுப்பைக் குறைத்துவிடுவதால் கேபிளின் நீளம் பெரிதாகப் பாதிக்காது. 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்தது: ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒலியைக் கூட்டவும் முடிகிற குமிழ்கள். அதன் உருவாக்கத்திலும் இருந்தவர் அதே லியோ ஃபெண்டர்.

சுவாரசியம் இங்கேதான். அதே 1976இல் ஜாக்கோ பாஸ்டோரியஸின் முதல் தனி ஆல்பம் வெளியானது. அவர் கையில் இருந்தது 1962ஆம் வருட ஃபெண்டர் ஜாஸ் பேஸ். சுத்தமான பாஸிவ். ஃப்ரெட்டுகள் இல்லாத அதன் விரல்பலகையில், படகுக்குப் பூசுகிற எபாக்ஸியைப் பூசியிருந்தார். பேஸ் வாசிப்பின் போக்கையே மாற்றிய ஆல்பம் அது. புதுசு வந்ததால் பழசு செத்துவிடவில்லை. இரண்டையும் செய்த மனிதர் ஒருவரே என்பதை வைத்துப் பார்த்தால், ஆக்டிவ் என்பது ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்குக் கிடைத்த பதில், அவ்வளவே. அந்தச் சிக்கல் நமக்கு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

நண்பனுக்கு இருந்தது சின்ன மேடை, குட்டை கேபிள். நீளம் தேவைப்பட்டால் ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸைக் காலடியில் வைத்தால் போதும். ப்ரீ-ஆம்ப் செய்கிற அந்த வேலையைக் கிட்டாருக்கு வெளியே அது செய்யும். உப்புக்காற்று பாஸிவையும் விடாது, குமிழும் ஜாக்கும் கரகரக்கும். ஆனால் பழுதாவதற்கு உள்ளே இருக்கும் பொருள்கள் குறைவு; ஊரிலேயே ஒரு சால்டரிங் அயர்னோடு சரிசெய்துவிடலாம்.

பாஸிவ்தான் வாங்கினான். பழையதைத் தூக்கிப்போடவில்லை. புது கிளிப் வைத்திருக்கிறான், வாசித்து முடித்ததும் மறக்காமல் கேபிளை உருவிவிடுகிறான். செருகியே இருந்தால், யாரும் வாசிக்காவிட்டாலும் ராத்திரி முழுக்க பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்.