ஓநாய்க் குலங்கள் விண்ணேறிய வரலாறு: அறிவியல் புனைவில் ஒரு கற்பனை இனத்தின் வளர்ச்சி

அறிவியல் புனைகதைகளிலும் விண்வெளி விளையாட்டுகளிலும் ஓநாய் முகம் கொண்ட வேற்றுக்கோள் இனங்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. பெயர்கள் மாறினாலும் வார்ப்பு ஒன்றுதான். குலம் குலமாக வாழ்வார்கள். வலிமையால் தலைமைக்கு வந்தவன் ஒவ்வொரு குலத்தையும் ஆள்வான். முன்னோர் ஆவிக்கும் வானத்துக்கும் படையல் இடுவார்கள். மானம் போனால் உயிர் வாழமாட்டார்கள். இந்த வார்ப்பு எங்கே உருவானது, எந்தெந்த வழியாகப் புனைவுக்குள் நுழைந்தது, எங்கே உடைபட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த இனங்களின் குல அமைப்பும் ஆன்மிகமும் பெரும்பாலும் ஓநாயிடமிருந்து வரவில்லை என்பதும், உடலமைப்பிலிருந்தே சமயத்தை முளைக்கவிட்ட படைப்புதான் இந்த மரபில் தலைசிறந்தது என்பதும் என் துணிபு.

புல்வெளியின் முன்னோர்

ஓநாயையும் குலத்தையும் வானத்தையும் ஒன்றாக முடிச்சிட்டவர்கள் நடு ஆசியப் புல்வெளி மக்கள். ஏழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சீன வரலாற்று நூலான சௌ-ஷூ, துருக்கியரின் தோற்றக் கதையைப் பதிவு செய்திருக்கிறது. பகைவர் ஒரு குலத்தையே வெட்டி அழிக்கிறார்கள். பத்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கொல்ல மனம் வராத வீரர்கள், அவன் பாதங்களை வெட்டிச் சதுப்பில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பெண் ஓநாய் இறைச்சி கொண்டுவந்து கொடுத்து அவனைக் காப்பாற்றுகிறது. அவன் வளர்ந்ததும் அது அவனால் கருவுறுகிறது. பின்னர் அவனும் கொல்லப்பட, ஓநாய் தப்பியோடி மலைக்குகை ஒன்றில் பத்து ஆண்மக்களை ஈன்றெடுக்கிறது. அவர்கள் வெளியே பெண்ணெடுத்து ஆளுக்கொரு குலப்பெயர் கொண்டார்கள். அவற்றுள் ஒன்று அஷினா. 552இல் துருக்கியப் பேரரசை நிறுவிய பூமின் இந்த அஷினா குலத்தவர்.

கதையைவிட அதை ஒட்டிய சடங்குகளே நம் ஆய்வுக்கு முக்கியமானவை. தங்கள் தோற்றத்தை மறக்கக்கூடாது என்பதற்காகத் துருக்கியர் கொடிக்கம்பத்தின் உச்சியில் பொன்னாலான ஓநாய்த் தலையைப் பொருத்தினார்கள். அவர்களின் பேரரசரான ககான் ஆண்டுதோறும் குலப்பெரியவர்களை அழைத்துக்கொண்டு முன்னோர் குகைக்குச் சென்று படையலிட்டார். ஐந்தாம் மாதத்தின் நடுவில் ஆற்றங்கரையில் கூடி வானத்துக்கு வழிபாடு நடத்தினார்கள். குலம், குகை, வானம், கொடி என்ற நான்கும் இங்கே ஒரே அமைப்பாக இயங்குகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டு மங்கோலியரின் 'மறைவரலாறு' என்ற நூலும் செங்கிஸ்கானின் வம்சத்தை, வானத்தின் விதிப்படி பிறந்த ஒரு நீலச்சாம்பல் ஓநாயிலிருந்துதான் தொடங்குகிறது.

ஓநாயை வானத்தில் வைத்துப் பார்த்தவர்கள் இவர்கள் மட்டுமல்லர். சீன வானியலாளர் சிரியஸ் விண்மீனை வான ஓநாய் என்றார்கள். அதைக் குறிபார்த்து நிற்கும் வில்லாக அருகிலுள்ள விண்மீன்களை வரைந்தார்கள். வட அமெரிக்கச் சமவெளியின் பிளாக்ஃபுட் மக்களுக்குப் பால்வீதி ஓநாய்களின் தடம். செனகா, செரோகி மக்களிடம் ஓநாய்க் குலம் இன்றும் உண்டு. அங்கே குலம் தாய்வழியில் வருவது. புனைகதை எழுத்தாளர்கள் ஓநாய்க் குலத்தை எடுத்துக்கொண்டபோது தாய்வழியை விட்டுவிட்டார்கள். அவர்கள் படைத்த குலங்கள் பெரும்பாலும் ஆண் தலைவர்களால் ஆளப்படுபவை.

புல்வெளி மரபு தமிழ் வாசகருக்கு அறிமுகமானது ஜியாங் ரோங்கின் நாவல் வழியாக. சி. மோகனின் மொழிபெயர்ப்பில் 'ஓநாய் குலச்சின்னம்' என்று தமிழில் வெளிவந்த அந்நூல், பண்பாட்டுப் புரட்சிக் காலத்து உள்மங்கோலியாவில் நடப்பது. இறந்தவரின் உடலை ஓநாய்கள் உண்டு ஆன்மாவை வானக் கடவுளான தெங்கெரியிடம் சேர்க்கும் என்ற நம்பிக்கை அதில் மிக வலுவாக வருகிறது. 2015இல் அதன் திரைவடிவம் வெளியானபோது, மங்கோலிய இன எழுத்தாளரான குவோ ஷுவேபோ அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். ஓநாய் மங்கோலியரின் குலச்சின்னமாக ஒருபோதும் இருந்ததில்லை என்றார். மறைவரலாற்றின் முதல் வரியை வைத்து அவரோடு வாதிடலாம். ஆனால் ஒரு மக்களின் நம்பிக்கையை அவர்களிடம் கேட்காமலே பிறர் எடுத்தாள்கிறார்கள் என்ற அவருடைய வருத்தம் நியாயமானது. விண்வெளி ஓநாய்களைப் படைத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: சடங்கை எடுத்துக்கொண்டு மக்களையே விட்டுவிட்டார்கள்.

சட்டமும் கூண்டும்

இரண்டாவது ஊற்று ருட்யார்ட் கிப்ளிங். 1894இல் வெளிவந்த 'ஜங்கிள் புக்' மத்திய இந்தியாவின் சியோனி காட்டைக் களமாகக் கொண்டது. எழுதப்பட்டதோ அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில். ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு சபைப்பாறை, ஒரு சட்டம், ஒரு தலைவன் என்று அதில் ஓர் அரசியல் அமைப்பே இருக்கிறது. புதிய குட்டியை ஏற்பதில் தகராறு வந்தால் பெற்றோர் அல்லாத இருவர் அதற்காகப் பேசவேண்டும். தலைவன் இரையைத் தவறவிட்டால் பதவியும் உயிரும் போகும். 1916இல் பேடன் பவல் சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவை இந்தக் கதையின்மீதே கட்டினார். அதன்பின் ஆங்கிலம் படித்த பல தலைமுறைச் சிறுவர்களுக்கு ஓநாய் என்றாலே சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குலம் என்றாகிவிட்டது.

மூன்றாவது ஊற்று அறிவியல். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் ஆய்வாளர், பாசல் விலங்குக் காட்சிசாலை ஓநாய்களைக் கூர்ந்து நோக்கி ஒரு கட்டுரை எழுதினார். குறுகிய அடைப்புக்குள் நெருக்கிவைக்கப்பட்ட அந்த ஓநாய்கள் முதலிடத்துக்காக ஓயாமல் மோதிக்கொண்டன. ஆல்ஃபா ஓநாய் என்ற கருத்து அங்கிருந்து பரவியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய 'த உல்ஃப்' அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. பின்னர் அதே மெக் ஆர்க்டிக்கின் எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் கோடைதோறும் ஓநாய்களோடு நெருங்கியிருந்து கவனித்து, 1999இல் தம் பழைய கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: தாய், தந்தை, அவர்களின் ஓரிரு ஈற்றுக் குட்டிகள். தலைமை என்பது பெற்றோராக இருப்பதுதான். வளர்ந்த பிள்ளைகள் தந்தையை வீழ்த்தி அரியணை ஏறுவதில்லை. துணை தேடி வெளியேறித் தனிக்குடும்பம் அமைக்கின்றன. தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று மெக் பதிப்பகத்தாரிடம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த உண்மை 1999இல்தான் தெரியவந்தது என்று புனைகதையாளர்களுக்காக வாதாட முடியாது. அலாஸ்காவின் மெக்கின்லி மலைப்பகுதி ஓநாய்களைப் பற்றி அடால்ஃப் மியூரி எழுதிய நூல் 1944இலேயே வெளிவந்துவிட்டது. ஒன்றோடொன்று பரிவாக இருக்கும், குட்டிகளைச் சேர்ந்து காக்கும் ஒரு குடும்பத்தை அவர் அதில் காட்டியிருக்கிறார். அது ஷெங்கலின் கட்டுரைக்கு மூன்று ஆண்டு முந்தையது. கதைக்குச் சண்டை தேவைப்பட்டது. அதனால் கூண்டு ஓநாயே விண்கலத்தில் ஏறியது.

நாய்களின் வேதமும் வார்கர்களும்

ஓநாய்க்கு முன் நாய்தான் சமயச் சிந்தனையோடு அறிவியல் புனைவுக்குள் வந்தது. ஓலாஃப் ஸ்டேபிள்டனின் 'சிரியஸ்' (1944), மனித அறிவு பெற்ற ஒரு மேய்ச்சல் நாயின் கதை. வான ஓநாயாகச் சீனர் கண்ட அதே விண்மீனின் பெயர் அதற்கு. லண்டன் தேவாலயம் ஒன்றில் அது தன் நாய்க்குரலில் பாடுகிறது. மோப்பத்தால் உலகை அறியும் உயிருக்குக் கடவுள் எப்படித் தோன்றுவார் என்று தவிக்கிறது. கிளிஃபர்ட் சைமாக்கின் 'சிட்டி' (1952) மனிதர் போய்விட்ட பூமியில் நாய்கள் பேணிவரும் தொன்மங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் நாய் அறிஞர்களின் குறிப்பு வரும். மனிதன் என்று ஒருவன் உண்மையில் இருந்தானா, வெறும் புராணமா என்று அவர்கள் வழக்காடுவார்கள். இவ்விரு நூல்களும் வேற்றுக்கோள் இனத்தைப் பற்றியவை அல்ல. ஆயினும் நாயினத்து உயிருக்கு அதற்கேயுரிய சமயம் இருக்க முடியும் என்பதை நிறுவியவை இவையே.

அதன்பின் வந்தவை அவ்வளவு ஆழம் போகவில்லை. 1977இல் வெளியான முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் மதுக்கூடக் காட்சியில் ஓநாய் முகமூடி அணிந்த ஒருவர் சில நொடிகள் வருவார். பிற்கால எழுத்தாளர்கள் அந்த முகமூடிக்கு ஒரு பெயரும் ஷிஸ்டவானன் என்ற இனமும் ஒரு கோளும் சூட்டினார்கள். 1997 மறுவெளியீட்டில் அந்த உருவம் படத்திலிருந்து நீக்கப்பட்டது. இனம் மட்டும் நூல்களில் நிலைத்தது. முகமூடி முதலில், பண்பாடு பிறகு என்ற இந்த வரிசையே பல கற்பனை இனங்களின் வெறுமையை விளக்கிவிடுகிறது.

அதே 1977இல் வெளிவந்த 'டிராவலர்' என்ற விளையாட்டின் வார்கர் இனம் இன்னும் கவனமாகக் கட்டப்பட்டது. 1984இல் அதற்கென்றே தனி நூல் வெளியானது. வார்கர் பூமியின் ஓநாயினத்திலிருந்து வந்தவர்கள்; 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் 'பண்டையோர்' என்னும் மறைந்த இனம் அவற்றை வேறொரு கோளுக்குக் கொண்டுபோய் மரபணுவை மாற்றி அறிவூட்டியது. வார்கரிடையே தலைமை ஆளின் ஈர்ப்பாற்றலைப் பொறுத்தது. ஒருவனின் செல்வாக்கு சரிந்தால் கூட்டம் அடுத்தவன் பின்னால் போய்விடும். அதனால் அவர்களால் நிலையான பேரரசு ஒன்றைக் கட்டவே முடிவதில்லை. தங்களைப் பண்டையோர் தனித்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற நம்பிக்கை அவர்களில் சிலரிடம் சமயமாகவே வளர்கிறது. அரசியலும் சமயமும் அந்த இனத்தின் சொந்த வரலாற்றிலிருந்து பிறப்பதால் வார்கரை நான் மதிக்கிறேன். ஆனால் ஓயாத தலைமைப் போட்டி பாசல் கூண்டிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

டைன்கள்: குலமே ஓர் ஆளாக

1992இல் வெர்னர் வின்ஜ் எழுதிய 'எ ஃபயர் அப்பான் த டீப்' இந்த மரபை அடியோடு புரட்டியது. மறு ஆண்டு ஹியூகோ விருது பெற்ற அந்நாவலில் டைன்கள் என்ற இனம் வருகிறது. நீண்ட கழுத்தும் நாயுடலும் கொண்ட இந்த உயிர்களில் தனியொன்றுக்கு நாயளவு அறிவுதான். நான்கு முதல் எட்டு வரை சேர்ந்தால் அந்தக் கூட்டமே ஓர் ஆள்: ஒரு பெயர், ஒரு மனம், ஒரு நினைவு. தலையிலும் தோளிலும் இடுப்பிலும் உள்ள செவிச்சவ்வுகள் வழியாக, காதுக்கு எட்டாத ஒலியால் உறுப்பினர்கள் இடைவிடாமல் எண்ணத்தைப் பரிமாறிக்கொள்கிறார்கள்.

இந்த ஒரே உடற்கூற்று விதியிலிருந்து வின்ஜ் ஒரு நாகரிகத்தையே வருவித்தார். இரண்டு கூட்டங்கள் சில மீட்டர் தூரத்துக்குள் நெருங்கினால் எண்ண ஒலிகள் கலந்து இருவருமே நினைவிழப்பார்கள். ஆகவே நெருக்கமான அணிவகுப்பு கிடையாது. சந்தை நெரிசல் கிடையாது. மிக நெருங்குவது கலவிக்கும் கொலைக்கும் மட்டுமே. இதுவரை நாம் கண்ட இனங்களில் ஆள்கள் பலர் சேர்ந்து குலமானார்கள். இங்கே குலமாகக் கூடியதுதான் ஆள்.

சமயமும் இங்கிருந்தே முளைக்கிறது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் ஆள் சாவதில்லை, மாறிப்போகிறார். வேறொரு குட்டியைச் சேர்த்துக்கொண்டால் அதன் குணமும் ஆன்மாவில் கலக்கும். அப்படியானால் நூறு ஆண்டுக்குப் பின் இருப்பது அதே ஆள்தானா? இந்தக் கேள்விக்கு நாவலின் பாத்திரங்கள் தங்கள் வாழ்வாலேயே விடை சொல்கிறார்கள். மரச்சிற்பி என்ற அரசி தன் ஆன்மா மாறிவிடக் கூடாது என்று தன் உறுப்பினருக்குள்ளேயே இணைசேர்த்து, தன் குட்டிகளையே சேர்த்துக்கொண்டு பல நூறு ஆண்டுகள் அதே ஆளாக நீடிக்கிறாள். நெருங்கிய இரத்தக் கலப்பின் கேடு கடைசியில் அவள் உடலைத் தாக்குகிறது. யாத்திரிகர்கள் இதற்கு நேர்மாறு: ஊர் ஊராய்ச் சுற்றி, வழியில் உறுப்பினரை இழந்தும் ஏற்றும், தன்மாற்றத்தையே வாழ்வாக ஏற்றவர்கள். ஃபிளென்சர் என்ற கொடுங்கோலன் பிறரின் கூட்டங்களை உடைத்து, துண்டுகளை ஒட்டி, தனக்கு வேண்டிய ஆள்களைச் செய்கிறான்.

நாவலின் மிக நுட்பமான பகுதி ஃபிளென்சரின் முடிவில் இருக்கிறது. அவன் உறுப்பினர் சிலர் டைரதெக்ட் என்ற பள்ளி ஆசிரியையின் கூட்டத்துக்குள் புகுத்தப்படுகிறார்கள். ஒரே ஆளுக்குள் கொடுங்கோலனும் ஆசிரியையும். வெளியே ஃபிளென்சராகப் பேசிக்கொண்டே, உள்ளே பிடி தளராமல் அவள் போராடுகிறாள். அவன் வலிமையானவன், இருந்தும் அவளுடைய இரக்கம் முழுவதுமாகக் கரைவதில்லை. ஆவி புகுவது என்று பிற புனைவுகள் மந்திரமாகக் காட்டும் ஒன்றை வின்ஜ் உடற்கூறாகக் காட்டுகிறார். முன்னோர் வழிபாடும் இங்கே வேறு பொருள் கொள்கிறது. முன்னோரின் ஒரு பகுதி உண்மையாகவே உயிரோடு தொடர்வதால், டைனுக்கு மூதாதை வெளியே ஒரு குகையில் இல்லை.

வின்ஜ் புல்வெளிக் கதைகள் எதையும் தொடவில்லை. ஓநாயை வர்ணிக்கவும் இல்லை. இருந்தும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாய் இயங்கும் மியூரியின் ஓநாய்க் குடும்பத்துக்கு, வார்கரைவிடவும் மரச்சிற்பி நெருக்கமானவள்.

2011இல் வந்த தொடர்ச்சியான 'த சில்ட்ரன் ஆஃப் த ஸ்கை'யில் வெப்பமண்டல டைன்கள் வருகிறார்கள். அங்கே எல்லை காத்து வாழும் கூட்டங்கள் இல்லை. ஆயிரக்கணக்கான உறுப்பினர் ஒரே இரைச்சலில் கலந்து 'கூட்டிசை'யாகத் திரிகிறார்கள். வடக்கத்தியருக்கு அது அறிவின் மரணம். கிட்டப்போனால் தன்னை இழக்க நேரும் நரகம். ஆனால் அந்தக் கூட்டிசைக்குள் வணிகம் நுழைகிறது, ஆலைகள் எழுகின்றன. ஆளே இல்லாத அந்தப் பெருங்கூட்டம் தனக்கென ஒரு விருப்பம் இருப்பதுபோல நடக்கத் தொடங்குகிறது. எட்டுக்கு மேற்பட்டால் ஆன்மா சிதறும் என்ற வடக்கின் கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய சோதனை வர முடியாது. கூட்டிசைக்கு ஆன்மா உண்டா என்பதை வின்ஜ் தீர்த்துவைக்கவில்லை. 2024 மார்ச்சில் அவர் காலமானார். டைன்களைப் பற்றி இனி ஆராய்பவர்கள் மரச்சிற்பியின் அரண்மனையைவிட அந்த வெப்பமண்டலத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன்.