கருவிழித் தடிமனின் மரபும் கிளாக்கோமா இடரும்

திறந்த கோணக் கிளாக்கோமா குடும்பத்தில் தொடரும் நோய் என்பதை ராட்டர்டாம் ஆய்வு 1998இல் எண்களால் காட்டியது. நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளிடம் வாழ்நாள் இடர் 22 விழுக்காடு. நோயற்றவர்களின் உறவினரிடம் 2.3 விழுக்காடு. இந்த இடைவெளிக்குக் காரணமான மரபணுக்களைத் தேடுவது எளிதன்று. நோய் முதுமையில் வெளிப்படுகிறது. அதற்குள் பெற்றோர் மறைந்திருப்பார்கள். ஆகவே ஆய்வாளர்கள் நோயற்ற கண்ணிலும் அளக்கக்கூடிய கூறுகளை நாடினார்கள்: கண் அழுத்தம், கருவிழியின் நடுத் தடிமன், பார்வை நரம்புத் தலையின் கிண்ண-வட்டு விகிதம், நரம்பிழை அடுக்கின் தடிமன். இவற்றுள் எது மிகுதியாக மரபில் இறங்குகிறதோ அதுவே நோயின் வேருக்கு வழிகாட்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாகவே எழுந்தது. அந்த எதிர்பார்ப்பு தவறு என்பது என் வாதம்.

மரபுவழிப்பேறு என்பது ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபணுக்களால் விளையும் பங்கு. ஆஸ்திரேலிய, பிரிட்டன் இரட்டையரிடம் செய்த ஆய்வு (2005) கருவிழித் தடிமனுக்கு இதை 0.95 என மதிப்பிட்டது. நெதர்லாந்தின் எராஸ்மஸ் ருக்பென் குடும்ப ஆய்வு (2007) கண் அழுத்தத்துக்கு 0.35, நரம்பிழை அடுக்குக்கு 0.48 என்றது. இரட்டையர் ஆய்வு பொதுவாகக் குடும்ப ஆய்வைவிட உயர்ந்த எண்ணைத் தரும் என்பதைக் கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரிதுதான். ஆனால் அதில் ஒரு பங்கு அளவீட்டின் விளைவு. கருவிழித் தடிமனை இன்று அளந்தாலும் அடுத்த வாரம் அளந்தாலும் சில மைக்ரான்தான் மாறும். கண் அழுத்தமோ ஒரே நாளில் ஏறி இறங்கும். ஒருமுறை மட்டும் அளந்து கணக்கிடும்போது அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் மரபு சாராத வேறுபாடாகப் பதிவாகிறது. அழுத்தத்தின் மரபுப் பங்கு அதனால் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது.

கருவிழித் தடிமன் இவ்வளவு முதன்மை பெற்றது எப்படி? அமெரிக்காவின் கண் உயர் அழுத்தச் சிகிச்சை ஆய்வுதான் காரணம். அழுத்தம் உயர்ந்திருந்தும் நரம்புச் சேதமற்ற 1,636 பேரைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு, 2002இல், 555 மைக்ரானுக்கு மேற்படாத கருவிழி உடையவர்களின் இடர் 588 மைக்ரானைத் தாண்டியவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. ஆனால் ஆய்வில் சேர்வதற்கான தகுதியே கோல்ட்மன் கருவி காட்டிய அழுத்தம்தான்: ஒரு கண்ணிலேனும் 24 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். அக்கருவி சுமார் 520 மைக்ரான் கருவிழியை அடிப்படையாகக் கொண்டது. தடித்த கருவிழியில் உண்மையைவிடக் கூட்டியும் மெலிந்ததில் குறைத்தும் காட்டும் போக்கு அதற்கு உண்டு. ஆகவே தடித்த கருவிழி உடையவர்களில் சிலர் உண்மையில் உயர் அழுத்தம் இல்லாமலே உள்ளே வந்திருப்பார்கள். மெலிந்த கருவிழியுடன் அதே எண்ணை எட்டியவர்களின் உண்மை அழுத்தம் அதைவிடக் கூடுதல். பங்கேற்றோரின் சராசரித் தடிமன் 573 மைக்ரான் வரை உயர்ந்திருந்தது இதற்குப் பொருந்துகிறது. அழுத்தத்தின் இடரில் ஒரு பகுதி கருவிழியின் கணக்கில் ஏறியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

மரபணுத் தரவு இதை வலுப்படுத்துகிறது. 2018இல் வெளியான பல்லினக் கூட்டாய்வில், தடிமனைக் கூட்டும் மரபணு மாறுபாடுகளின் விளைவு கெரட்டோகோனஸ் என்னும் கருவிழிக் கூம்பு நோயுடன் தெளிவான எதிர்த்தொடர்பு கொண்டிருந்தது (−0.62). கிளாக்கோமாவுடன் அந்தத் தொடர்பு −0.17 மட்டுமே, அது புள்ளியியல் அளவில் நிலைபெறவில்லை. சிறு தொடர்பே இல்லை என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் 0.95 என்ற எண் எழுப்பிய நம்பிக்கைக்கு இது ஈடாகாது. அதே ஆண்டில், மரபுப் பங்கு குறைந்ததாகக் கருதப்பட்ட கண் அழுத்தத்தைப் பற்றி 1,39,555 பேரிடம் செய்த ஆய்வு 112 மரபணு இடங்களைத் தந்தது. நோய் யாருக்கு வரும் எனப் பிரித்தறிய அவை உதவின.

கிண்ண-வட்டு விகிதத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. வட்டு எனப்படும் நரம்புத் தலை பெரிதாக இருந்தால் அதன் நடுக்குழிவான கிண்ணமும் இயல்பாகப் பெரிதாகவே இருக்கும். ஏடிஓஎச்7 மரபணு முதன்மையாக நரம்புத் தலையின் பரப்போடு தொடர்புடையது. சிக்ஸ்6 மரபணுவோ நோயோடும் தொடர்புடையது. வட்டின் அளவைச் சரிசெய்யாத மரபுக் கணக்கு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையில் உருவான பன்மரபணு மதிப்பெண், நோய், அழுத்தம், வட்டளவுக்கேற்பத் திருத்திய கிண்ண-வட்டு விகிதம் மூன்றையும் இணைத்தது. கருவிழித் தடிமன் அதில் சேரவில்லை.

அம்மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பிய வழித்தோன்றல்களின் தரவில் கட்டப்பட்டது. தென்னிந்தியரிடம் அதை நேரே பொருத்த முடியாது. சென்னை கிளாக்கோமா ஆய்வில் கருவிழியின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 511 மைக்ரான். கிராமப்புறத்தில் திறந்த கோணக் கிளாக்கோமா கண்டறியப்பட்டவர்களில் 98.5 விழுக்காட்டினர் தமக்கு நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். மெலிந்த கருவிழி இங்கே பலருக்கும் இயல்பு. அதை மட்டும் வைத்து யாரையும் இடருள்ளவர் எனப் பிரிக்க இயலாது. நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டதும் அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் வரவழைத்து அழுத்தம், நரம்புத் தலை, கோணம் ஆகியவற்றைப் பார்ப்பதே பயன் தரும். கருவிழித் தடிமனை அளப்பது அந்த அழுத்த எண்ணைச் சரியாகப் படிப்பதற்காக.