படகு கட்ட ஓர் இடம்

ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், சவாரி முடிந்த மிதிபடகுகளை வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஏரியில் அலையில்லை, ஒரு கயிறு போதுமானதாக இருந்தது. அங்கிருந்து புறநகர் ரயிலேறி, அம்பத்தூர் கடந்து, கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரே துறைமுகத்தின் மதில். அதற்கப்பால் இருப்பது கயிற்றை மதிக்காத கடல்.

சென்னைக் கரையில் ஒரு கலத்தைக் கட்டிவைக்க இயற்கை இடமே தரவில்லை. கம்பெனிக் காலத்துக் கப்பல்கள் கரைக்கு வெகுதொலைவில், திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைதாண்டி வந்தனர். ஆணியின்றி, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அறைந்தால் நெளியுமே தவிர எளிதில் பிளக்காது. வேலை முடிந்தால் மணலில் இழுத்துவிடலாம். பெருங்கப்பலுக்கு அந்த வசதியில்லை. புயலென்றால் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓட வேண்டும். 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை அடுத்த மாதமே புயல் சிதைத்தது. கோட்டை கிடைத்தது, கப்பலுக்கு ஒதுங்கிடம் கிடைக்கவில்லை.

1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 புயல் கட்டிய சுவர்களை உடைத்தது. மீண்டும் கட்டியபோதும் கிழக்கு நோக்கிய வாய் வழியே அலை உள்ளே புகுந்தது. 1904இல் பொறுப்பேற்ற ரயில்வே பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவ்வாயை அடைத்து வடகிழக்கில் புது வழி திறந்தார். (1912இல் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான். ஸ்பிரிங்கை நாம் நினைவில் வைத்திருப்பதும் பெரும்பாலும் அதனால்தான்.)

பாய்மரப் படகில் பெருவிருப்பம் கொண்டிருந்த ஸ்பிரிங், 1911இல், இன்று ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று அறியப்படும் சங்கத்தையும் நிறுவினார். துறைமுகத் தலைவரே சங்கத்தின் நிறுவனரும் ஆனதால், சரக்குக் கப்பல்களுக்காக எழுப்பிய சுவரின் நிழலில் விளையாட்டுப் படகுகளுக்கும் இடம் கிடைத்தது. உரிமையால் வந்த இடமன்று அது, இசைவால் வந்தது.

வெளியூர்ப் படகு வந்தால், கடலுக்குச் சென்றிருக்கும் உறுப்பினரின் மிதவையில் அதைக் கட்டவிடுவதும், உரியவர் திரும்பியதும் அது விலகிக்கொள்வதும் உலகெங்கும் படகுச் சங்கங்களில் உள்ள வழக்கம். முகத்துவாரங்கள் மலிந்த தென் இங்கிலாந்துக் கரையில் இது உபசாரம். ஒதுங்கிடங்கள் அரிதான சோழமண்டலக் கரையிலோ உயிர்ப் பிரச்சினை.

ஆனால் அந்த நிழலுக்கு வேறொருவர் விலை கொடுத்தார். சுவர் மணலின் வடதிசை ஓட்டத்தைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கட்டுமரத்தை இழுத்துப்போட மணல் இருந்தவரை, மீனவர்க்குக் கட்டுத்துறை தேவைப்படவில்லை. மணலோடு அந்த ஏற்பாடும் போயிற்று. ஸ்பிரிங்கைப் பாராட்டி எழுதுவோர் இதை அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை.

பின்னர் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் எழுந்தது. அங்கும் இடம் போதாது. விசைப்படகுகளை விலாவோடு விலா சேர்த்துப் பல வரிசையாகக் கட்டுகிறார்கள். கடைசி வரிசைப் படகிலிருந்து கரையேறுபவர், தூக்கிய கூடையோடு, அயலாரின் தளங்களை ஒவ்வொன்றாக மிதித்துக் கடந்துதான் வரவேண்டும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.