தாய்மை காத்த கைகள்

பெருங்கடவிளையைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களில் பேறு பார்த்தவளைத் தமிழர் மருத்துவச்சி என்றனர். மலையாளிகள் வயற்றாட்டி என்றனர். எப்பெயரால் அழைப்பினும், பிள்ளை குறுக்கே கிடந்தாலோ உதிரப்போக்கு நில்லாவிடினோ அவள் கைப்பழக்கம் ஒன்றே போதவில்லை.

1916இல் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனைப் பணியேற்ற டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் அம்மையார், மருத்துவச்சியரை இகழ்ந்து ஒதுக்கவில்லை. அவர்தம் பிள்ளைகளையே பேறுகாலப் பயிற்சிக்கு அழைத்து, அவர்களது ஆதரவையும் பெற்றார். 1920இல் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் சிகிச்சையைத் திருவிதாங்கூரில் முதன்முதல் செய்தவரும் அவரே என்பர். 1938இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலானார்.

2018–20ஆம் ஆண்டுக் கணக்கில், இலட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாயர் இறப்பு இந்தியாவில் 97, கேரளத்தில் 19. பெரிய மருத்துவமனைகளோடு, ஆபத்தை முன்னறிந்து காலத்தே அனுப்பிவைத்த ஊர்க்கைகளுக்கும் இதிற் பங்குண்டு. ஆதலின் நம் இல்லத்துச் சூலுற்ற பெண்டிர்க்குக் கடுந்தலைவலியோ, முகவீக்கமோ, உதிரமோ கண்டால் நாள் பாராது, நாழிகை தாழ்த்தாது மருத்துவமனை சேர்ப்போமாக!