முதல் அதிபர் எமரி அம்மையார்: மறைந்து வாழ வந்தவரா?

நம் கல்லூரியின் முதல் அதிபர் திருமதி புளோறன்ஸ் எமரி என்பதைப் பழைய மாணவிகள் பலரும் அறிவோம். அதற்குமேல் அறிந்தவர்கள் குறைவு. ஆங்கில நாடக வரலாற்றிலும் இலக்கிய வரலாற்றிலும் அவருக்குப் பெரிய இடம் உண்டு. அங்கே அவர் புளோறன்ஸ் ஃபார் என்னும் நடிகை. அந்த வரலாறுகளில் யாழ்ப்பாணம் கடைசி அத்தியாயம். நம் வரலாற்றில் அவர் முதல் அத்தியாயம். ஒரே பெண்மணியைப் பற்றிய இந்த இரண்டு வரலாறுகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் 1860இல் இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஃபார் புகழ்பெற்ற மருத்துவப் புள்ளிவிபர அறிஞர். புளோறன்ஸ் நைற்றிங்கேலோடு சேர்ந்து பணியாற்றியவர். அந்த அம்மையாரின் பெயரையே மகளுக்கும் இட்டார். பெண்களுக்கு உயர்கல்வி அளிப்பதற்காக 1848இல் தொடங்கப்பட்ட இலண்டன் குயின்ஸ் கல்லூரியில் மகள் படித்தார். பின்னர் மேடைக்குப் போனார். நடிகர் எட்வேட் எமரியை மணந்தார்; அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. பேர்னாட் ஷாவின் முதல் நாடகம் 1892இல் மேடையேறியபோது கதாநாயகி இவரே. 1894இல் ஓர் அரங்கைத் தாமே பொறுப்பேற்று நடத்தி, ஷாவின் நாடகத்தையும் கவிஞர் யேற்ஸின் நாடகத்தையும் அரங்கேற்றினார்.

இத்தகைய ஒருவர் மருதனார்மடத்துக்கு எப்படி வந்தார்? அதைவிடப் பெரிய கேள்வி, அவரை ஏன் அழைத்தார்கள் என்பது. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தையும் மொழியையும் விடாமல் ஆங்கிலக் கல்வி பெறவேண்டும் என்பதற்காகவே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நம் கல்லூரியை நிறுவினார். ஆண்பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890 முதலே இருந்தது. பெண்பிள்ளைகளுக்கோ உடுவில், வேம்படி, சுண்டுக்குளி என்று மிஷன் பாடசாலைகளே கதி. அந்த நிலையை மாற்றவென்று எழுந்த கல்லூரிக்கு ஓர் ஆங்கிலேயப் பெண்மணி அதிபரானது முரணாகத் தோன்றலாம்.

காரணம் ஓரளவுக்கு எளிது. பெரிய கல்லூரி ஒன்றை நிருவகிக்கும் அளவுக்கு ஆங்கிலக் கல்வி பெற்ற சைவத் தமிழ்ப் பெண்கள் அன்று மிக அரிது. அவர்களை உருவாக்கத்தானே கல்லூரியே தொடங்கப்பட்டது! ஆனால் அது மாத்திரம் காரணமல்ல. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இராமநாதன் இலண்டன் சென்றிருந்தபோது அவருடைய சமய விளக்கங்களைக் கேட்டு அவரைக் குருவாக மதித்தவர்களுள் எமரி அம்மையாரும் ஒருவர். பெண்கள் கல்லூரி ஒன்றை நிறுவும் எண்ணம் இராமநாதனுக்கு உண்டென்பதை அவர் அறிந்திருந்தார். 1912இல் அந்த எண்ணம் கைகூடுவதைக் கேள்வியுற்றதும், உடைமைகளை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 52.

அவர் வந்து சேர்ந்த ஊருக்கு வெளிநாட்டு ஆசிரியைகள் புதியவர்களல்லர். நம் அயலில் உள்ள உடுவில் மகளிர் கல்லூரியை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ 1824இலேயே தொடங்கிவிட்டார். ஆரம்ப ஆண்டுகளில் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். உணவும் உடையும் கொடுத்து, படித்து முடித்துக் கலியாணம் செய்யும்போது சீதனமும் கொடுத்தே மிஷன் அவர்களைச் சேர்க்க நேர்ந்தது. 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். ஒருமுறைதானும் அமெரிக்காவுக்குத் திரும்பாமல் 1883இல் மானிப்பாயிற் காலமானார். விடுமுறை நாட்களிற் பழைய மாணவிகளின் வீடுகளைத் தேடிச் சென்று பார்ப்பது அவர் வழக்கம். ‘ஆயிரம் பிள்ளைகளின் தாய்’ என்று அவர் பெயர் பெற்றது சும்மா அல்ல.

அக்னியூ அம்மையாரின் அன்பை யாரும் மறுக்கமுடியாது. ஆனாலும் அவர் இந்த ஊரை மாற்ற வந்தவர். எமரி அம்மையார் வந்த முறை வேறு. அவரை அனுப்பியது எந்த மிஷனுமல்ல. அழைத்தவர் ஒரு தமிழர். ஆளும் இனத்திற் பிறந்த பெண், ஆளப்படும் நாட்டில் ஒரு தமிழரின் கீழ், அவர் வகுத்த நோக்கத்துக்காக வேலை செய்ய வந்தார். விடுதியிற் சைவ உணவு. பாடசாலை நாளைத் தொடங்குவது தேவாரம். நாட்காட்டியை நிருணயிப்பது நவராத்திரியும் தைப்பொங்கலும். இவற்றுள் ஒன்றையும் அவர் மாற்ற முயலவில்லை. தமிழ் மரபுகளை அவர் மதித்து நடந்ததே கல்லூரி முதல் ஆண்டுகளில் நன்கு வளர்ந்தமைக்கு ஒரு காரணம் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அரங்கு நடத்திய காலத்திற் கற்ற கணக்கும் நிருவாகமும் இங்கே கைகொடுத்தன. உடல்நலம் குன்றி அதிபர் பொறுப்பைத் தொடரமுடியாதபோது, ஊர் திரும்பாமல், கல்லூரியின் நிதிப் பொறுப்பை ஏற்று இங்கேயே இருந்தார்.

இந்த இடத்தில் இன்னோர் அம்மையாரையும் நினைக்கவேண்டும். அவர் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். அவுஸ்திரேலியாவிற் பிறந்த அவர், ஆர். எல். ஹரிசன் என்ற பெயரில், யோவான் சுவிசேஷத்துக்கு இராமநாதன் எழுதிய விளக்கத்தை 1902இல் இலண்டனிற் பதிப்பித்தவர். சைவ நெறியையும் தமிழ்க் குடும்பத்தையும் தமதாக்கிக்கொண்டு, 1930இற் கணவர் மறைந்த பின்னும் கல்லூரியைத் தாங்கினார். அந்நிய நாட்டிற் குடிபுகுவோருக்கு முன்னே போனவர் ஒருவர் இருப்பது எத்தனை பெரிய துணை என்பதை, முதற் பனிக்காலத்தை ஓர் அக்கா வீட்டு அறையிற் கழித்த நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எமரி அம்மையார் தமிழ் கற்றார். தமிழ்ப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து யேற்ஸுக்கு அனுப்பினார். இதிலொரு பொருத்தம் உண்டு. கவிதையை வாசிக்கவும் கூடாது, சொல் கரைந்து போகும்படி பாடவும் கூடாது. சொல் தெளிவாகக் கேட்கும்படி இசையோடு ஓதவேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆர்னல்ட் டொல்மெற்ச் செய்து கொடுத்த சால்ற்றரி என்னும் தந்தி வாத்தியத்தை மீட்டியபடி அவர் இலண்டனில் ஓதிக் காட்டினார். 1907இல் அமெரிக்காவிலும் அப்படியே. அங்கே அது ஒரு புதுமை, சிலருக்கு வேடிக்கை. இங்கே அவர் நாள்தோறும் கேட்டது என்ன? பத்து வயதுப் பிள்ளைகள், சொல் கெடாமல், பண்ணோடு திருமுறை ஓதுவதை. தாம் தேடிய கலை இங்கே பிரார்த்தனை மண்டபத்தில் இயல்பாக நடப்பதை அவர் கவனியாமல் இருந்திருப்பாரா?

1916 டிசம்பரில் மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதைப்பற்றி யேற்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தம் தழும்பைத் தாமே படமாக வரைந்து பகிடி செய்திருந்தார். 1917 ஏப்ரலிற் கொழும்பு வைத்தியசாலையிற் காலமானார். உடல் தகனம் செய்யப்பட்டது. அஸ்தியை இராமநாதன் ஆற்றிற் கரைத்தார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் யேற்ஸ், மறைந்த நண்பர்களை நினைந்து எழுதிய நீண்ட கவிதையொன்றில் எமரி அம்மையாரையும் நினைவுகூர்ந்தார். அழகு குன்றுவதையும் முதுமை நெருங்குவதையும் கண்ட அவர், அறிந்தவர் எவரும் பாராத தொலைவிலே ஒரு பாடசாலையிற் கற்பித்துக் காலம் கழிக்கச் சென்றார் என்பது கவிஞரின் விளக்கம். உலகெங்கும் வாசிக்கப்படும் கவிதை அது. அதனால் அந்த விளக்கமும் நிலைத்துவிட்டது.

கவிஞர் அன்பினாலேயே அப்படி எழுதினார். ஆனால் அவர் மருதனார்மடத்தைக் கண்டதில்லை. அவருக்கு ‘யாரும் பாராத இடம்’ என்று தோன்றியது நம்முடைய முற்றம். விடுதிப் பெண்பிள்ளைகள் நிறைந்த ஒரு கல்லூரியில் அதிபராக இருப்பவர் மறைந்து வாழ்வது எப்படி? அவருடைய நடை, உடை, தமிழ் உச்சரிப்பு எதுவும் எங்கள் மூத்தவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் தப்பியிருக்காது. மறைவிடம் தேடுபவர் புதுமொழி கற்பதில்லை, கணக்கேடுகளைச் சுமப்பதில்லை, தழும்பைப் படமாக வரைந்து அனுப்புவதுமில்லை.

இன்று நம் பழைய மாணவிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பரிசிலும் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் எமரி அம்மையாரைப்போல விரும்பிப் போனவர்களல்லர். அவருக்கு விசாவும் தேவைப்படவில்லை, அகதி விசாரணையும் இருக்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனால் நம்மைப்பற்றியும் ஊரிலுள்ளவர்கள் அப்படித்தான் எண்ணுகிறார்கள்: ‘அவள் எங்கேயோ தூரத்தில் இருக்கிறாள்.’ நாமோ அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறோம், நோயாளிகளைப் பராமரிக்கிறோம், கணக்கெழுதுகிறோம், அயலவர் கண்முன்னே வயதாகிறோம். தூரம் என்பது நிற்பவரின் கணக்கு. போனவருக்கு அது வீடு.

ஆகவே, நூற்றாண்டு காணும் நம் சங்கம் முதல் அதிபரின் பெயரைச் சொல்லும்போது இந்தத் திருத்தத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்: அவர் மறைந்து வாழ வந்தவரல்லர். நம்மிடையே வாழ வந்தவர்.