அல்சூரில் நிற்கும் பெலே

2022 டிசம்பர் 29 அன்று பிரேசிலில் பெலே இறந்துபோனார். நமக்குச் செய்தி வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த வார இறுதியில் ஊருக்குப் போக பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை (புத்தாண்டு சமயத்தில் மடிவாளாவில் ஆம்னி பஸ்காரர்கள் கேட்கும் விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்). சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குப் பதில் பையனை அழைத்துக்கொண்டு அல்சூர் பக்கம் போனேன். அங்கே கௌதம்புரா என்று ஒரு பகுதி. குறுகலான தெரு, ஒட்டி ஒட்டி வீடுகள், வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு நாலாவதாக ஒரு சிலை இருக்கிறது. பெலே! பந்தோடு நிற்கிறார். கழுத்தில் புது மாலை.

"ஏம்பா, பெலே பெங்களூருக்கு வந்திருக்காரா?" என்று கேட்டான் பையன். இல்லை என்றேன். "பின்ன எதுக்கு இங்க சிலை?"

நியாயமான கேள்வி. நான் பெங்களூருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு டிராபிக், வீட்டு வாடகை, இவ்வளவுதான் சொல்லத் தெரியும். நம்மைப் போல மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள் பலரும் பெங்களூர்த் தமிழர் வரலாறு நம்மோடுதான் ஆரம்பிக்கிறது என்றுகூட நினைத்துக்கொள்கிறோம். நமக்கு இருநூறு வருஷம் முன்னாலேயே வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதையில் பாதி பந்து விளையாட்டு.

கொஞ்சம் பின்னால் போவோம். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு வெள்ளைக்காரர்கள் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வைத்திருந்தார்கள். அங்கே மலேரியா படுத்திய பாட்டில் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் 1809-ல் படை பெங்களூருக்கு வந்தது. கெம்பே கௌடா 1537-ல் கட்டிய பழைய பேட்டை ஒரு பக்கம், கிழக்கே அல்சூர் ஏரியை ஒட்டி ராணுவக் குடியிருப்பு இன்னொரு பக்கம். கன்னடத்தில் இதற்கு 'தண்டு' என்று பெயர். நம் பழந்தமிழிலும் தண்டு என்றால் படைதான்!

படை என்றால் துப்பாக்கிக்காரன் மட்டும் இல்லையே. சமையல்காரன், குதிரைக்குப் புல் அறுப்பவன், சலவைக்காரர், தச்சர், கொத்தனார், காண்டிராக்டர் எல்லாரும் வேண்டும். வந்தது மதராஸ் ராணுவம், ஆகவே கூட வந்தவர்கள் பெரும்பாலும் ஆற்காடு பக்கத்துத் தமிழர்கள். 1834-ல் மதராஸ் சாப்பர்ஸ் படையும் அல்சூருக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சிப்பாய்களுக்கு இன்றுவரை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் பட்டப்பெயர். 1864-ல் மதராஸிலிருந்து ரயில் வந்துவிட்ட பிறகு சொல்லவே வேண்டாம். இப்போது ஹைகோர்ட் இருக்கும் சிவப்புக் கட்டடம், அட்டாரா கச்சேரி, அதைக் கட்டிய காண்டிராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த இலவசப் பள்ளிதான் ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். அந்தப் பெயரில் அல்சூரில் இருக்கும் மைதானத்தில் நான் போன ஞாயிறுகளில் எல்லாம் பந்து உருண்டுகொண்டுதான் இருந்தது.

1881-ல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதியை மட்டும் வெள்ளைக்காரன் தன்னிடமே வைத்துக்கொண்டான். 1947 வரை அப்படித்தான். 1949-ல்தான் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. ஒரே ஊருக்குள் இரண்டு ஊர். பேட்டைப் பக்கம் ஒரு வாழ்க்கை, தண்டுப் பக்கம் தமிழ், உருது, தெலுங்கு, இங்கிலீஷ் கலந்த இன்னொரு வாழ்க்கை. வெள்ளைக்காரச் சிப்பாய் சாயங்காலம் ஆடியது கால்பந்து. அதை வேலியோரம் நின்று பார்த்த சமையல்காரர் மகனும் புல்லுக்கட்டுக்காரர் மகனும் வேறு என்ன ஆடுவார்கள்? அவனுக்கு பூட்ஸ் இருந்தது, இவர்களுக்கு இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

பூட்ஸ் இல்லாததைக் குறையாகச் சொல்லவில்லை. 1937-ல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை. அதுவரை ராணுவ ரெஜிமெண்டுகளே தூக்கிக்கொண்டு போன கோப்பை அது. பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற கிளப் இங்கிருந்து போய், இறுதி ஆட்டத்தில் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கைத் தோற்கடித்து அதை வென்றது. அடுத்த வருஷம் மறுபடியும். பிறகு 1948-ல் இன்னொரு தடவை.

அந்த 1948-தான் முக்கியமான வருஷம். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக்ஸ், லண்டன். ஜூலை 31 அன்று இல்ஃபோர்ட் மைதானத்தில் பிரான்ஸுடன் ஆட்டம். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்கால். முதல் கோல் பிரான்ஸ் போட்டது. 70-வது நிமிடத்தில் பதில் கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அது. போட்ட கால் பெங்களூரில் பந்து உதைத்துப் பழகிய ஒரு தமிழனின் கால்! இரண்டு பெனால்டி கிடைத்தும் நாம் இரண்டையும் விட்டுவிட்டோம். கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. அந்த இரண்டு பெனால்டியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் நடந்த ஆட்டம், இருந்தாலும்...

அதே அணியில் பெங்களூர்க்காரர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். தன்ராஜ் ஒருவர், அகமது கான் ஒருவர். இந்த இருவரும் கல்கத்தா போய் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகியோரோடு சேர்த்து இந்த ஐந்து பேருக்கும் வங்காளிகள் வைத்த பெயர் பஞ்சபாண்டவர். ஐந்து பேருமே தெற்கிலிருந்து போனவர்கள். 1949, 50, 51 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அவர்களுக்குத்தான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று துவைத்து எடுத்தது. அந்த ஒன்று அகமது கான் போட்டது. அவர் 2017-ல், 90 வயதில், பெங்களூரில்தான் காலமானார். அன்றைக்கு நானும் இதே ஊரில்தான் இருந்தேன். எனக்கு அவர் யாரென்றே தெரியாது.

1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் பெங்களூர் அருமைநாயகம் இருந்தார். 'ஆசியாவின் பெலே' என்று கல்கத்தாவில் கொண்டாடப்பட்ட கண்ணனும் இங்கிருந்து போனவர்தான். மைசூர் மாநில அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என நான்கு முறை சந்தோஷ் டிராபி வாங்கியது.

மைதானத்து ஓரத்தில் ஒரு பெரியவர் எனக்குப் பழக்கமானார். மங்கி கேப், தோளில் துண்டு. டிசம்பர் குளிரில் காலை ஆறரைக்கே வந்துவிடுவார். பெங்களூர்த் தமிழ் பேசுவார், நம்ம திருநெல்வேலிக் காதுக்கு முதலில் பாதி புரியாது. பையனுக்கு ஷூ வாங்க ஆன்லைனில் எவ்வளவு கொடுத்தேன் என்று சொன்னபோது சிரித்தார்.

"சார், எங்க காலத்துல பால் ஆடுனா வேலை கெடைக்கும் சார். அதான் கதையே. எச்.ஏ.எல்.ல ஒருத்தன், ஐ.டி.ஐ.ல ஒருத்தன். வூட்டுக்கு ஒருத்தன் ஆடுனா போதும், கொவாட்டர்ஸ், கேண்டீன், பென்சன், எல்லாம் வந்துடும்."

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. 1940-ல் விமானத் தொழிற்சாலை, 1948-ல் டெலிபோன் தொழிற்சாலையான ஐ.டி.ஐ., பிறகு மற்றவை. ஒவ்வொன்றுக்கும் கால்பந்து அணி, ஆடத் தெரிந்தவனுக்கு நிரந்தர உத்தியோகம். தண்டுப் பகுதிக் குடிசையிலிருந்து தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் போக அதுதான் ஏணி. 1977-ல் முதல் ஃபெடரேஷன் கோப்பை எர்ணாகுளத்தில் நடந்தபோது மோகன் பகானை 1-0 என்று தோற்கடித்து வாங்கியது ஐ.டி.ஐ. அணி. 90-களுக்குப் பிறகு பொதுத்துறையில் ஆள் எடுப்பது குறைந்துபோனது. எச்.ஏ.எல். அணி 2012-ல் ஐ-லீக்கிலிருந்து இறங்கியது. நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்த அதே வருஷங்களில் அவர்களுக்கு மூடியிருக்கிறது. இதை அதுவரை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த கையோடு 12, 13 தேதிகளில் இந்த ஊரில் தமிழர்களைத் தேடி அடித்தார்கள். ஆயிரக்கணக்கான கூலிக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கமும் சேலம் பக்கமும் போயின. அல்சூர் ஏரிக்கரையில் திறப்பதற்குத் தயாராக இருந்த திருவள்ளுவர் சிலை அந்த வருஷம் மூடியது மூடியபடியே பதினெட்டு வருஷம் நின்றது. 2009 ஆகஸ்ட் 9-ல்தான் திறந்தார்கள். பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை. வள்ளுவர் துணிக்குள் நின்ற இடத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் யாரோ ஒரு பிரேசில்காரருக்குச் சிலை வைத்துக் கும்பிடுவதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பெலேவுக்கு எந்த மாநிலத்திலும் எதிர்ப்பு கிடையாதே!

பெரியவரிடம் 1991 பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க டீம்ல கோல்கீப்பர் கன்னடக்காரன் சார். ரெண்டு நாள் அவன் வூட்லதான் எம் பசங்க இருந்தாங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

(பிரேசில் என்றதும் ஞாபகம் வருகிறது. கார்த்திகை கடைசித் திங்களன்று பசவனகுடி நந்தி கோயிலில் கடலெக்காய் பரிஷே நடக்கும். தெரு முழுக்க வேர்க்கடலைக் குவியல். தர்மபுரி, கிருஷ்ணகிரி வியாபாரிகளும் மூட்டையோடு வருவார்கள். பயிரை மேய்ந்த காளைக்கு முதல் விளைச்சலைத் தருவதாக விவசாயிகள் வேண்டிக்கொண்டார்கள் என்று தலபுராணம். வேர்க்கடலையே தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பயிர் என்பதால் இந்தப் புராணத்தின் வயதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் வறுத்த கடலை சூடாக இருக்கும்போது அதெல்லாம் யார் கேட்கிறார்கள்?)

2013-ல் பெங்களூர் எஃப்.சி. வந்தது. வந்த முதல் வருஷமே ஐ-லீக் கோப்பை. 2016-ல் தோஹாவில் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அந்த இடத்துக்கு அதற்கு முன் எந்த இந்திய அணியும் போனதில்லை. கண்டீரவா மைதானத்தின் மேற்குப் பகுதியில் 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' ரசிகர்கள் தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள். என் பையனும் அதில் ஒரு ஆள். நீலச் சட்டையைத் துவைக்கப் போடவே மாட்டான்.

சோதனை 2018 மார்ச் 17 அன்று வந்தது. ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம், கண்டீரவாவில், பெங்களூருக்கு எதிரே சென்னையின் எஃப்.சி. சேத்ரி ஒன்பதாவது நிமிடத்தில் தலையால் முட்டி கோல் போட்டார். பையன் நாற்காலி மேல் ஏறிவிட்டான். பிறகு மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகுஸ்தோ ஒன்று. 3-2, கோப்பை சென்னைக்கு. அவன் அழுதுகொண்டே வந்தான். நான் அவனைத் தேற்றிக்கொண்டே வந்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் பெரியவரிடம் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "அவுங்க டீம்ல தன்பால் கணேஷ்னு ஒரு வியாசர்பாடிப் பையன் இருக்கான். நம்ம டீம்ல அல்சூர் பையன் எவனாச்சும் இருக்கானா, சொல்லு சார். அப்புறம் நான் எந்தப் பக்கம்னு சொல்றேன்."

பெலே இறந்த அந்த வார இறுதியிலும் அவரைப் பார்த்தோம். சிலைக்குக் கீழே பையனை நிறுத்தி, ராமன், தன்ராஜ், அகமது கான் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். பையன் செல்போனில் குறித்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து சங்கராந்தி. பக்கத்து வீட்டு அம்மா எள்ளு பெல்ல பொட்டலம் கொண்டுவந்து தந்தார், நாங்கள் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். அந்த ஞாயிறும் மைதானத்துக்குப் போனோம்.

அடுத்து மார்ச் 4, 2023. சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம், அதுவும் சவூதி ரியாத்தில். கர்நாடகா மேகாலயாவை 3-2 என்று ஜெயித்தது. 54 வருஷத்துக்குப் பிறகு கோப்பை! பெங்களூர் கிளப்களில் ஆடும் பையன்கள். மறுநாள் காலை பெரியவர் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, கோல் போட்டது யார் என்று படிக்கச் சொன்னார். சுனில் குமார், பெக்கே ஓரம், ராபின் யாதவ் என்று பையன் படித்தான். பிறகு, "தாத்தா, இதுல நம்ம ஊர்ப் பேரு மாதிரி ஒண்ணுதான் இருக்கு" என்றான்.

"சாரங்கபாணி ராமன்னா மட்டும் இந்த ஊர்ப் பேரா கண்ணு?" என்றார் பெரியவர். பேப்பரை வாங்கி மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.