விடிய விடிய பபூன்

திண்டுக்கல் சமவெளியிலும் மதுரைப் பக்கமும் திருவிழா இரவுகளைச் சிரிக்க வைத்தவர், நடிகர்களைத் தனித்தனியே அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தின் கோமாளியான பபூன். கதாநாயகனான ராஜபார்ட் வருமுன் தனியாளாகக் கூட்டத்தைப் பிடித்துவைப்பது அவர் பொறுப்பு. ஒத்திகை கிடையாது, நாடகம் முடிய விடிந்துவிடும். மறுநாள் வேறு ஊர்.

சீசனில் தூக்கம் கெடும், மழைக்காலத்தில் வருமானம் நிற்கும். ஆபாசம் பேசுகிறவர் என்ற பழியும் அவர்மீதே விழுந்தது.

சினிமாவில் சிரிக்க வைத்தவர்களுக்கும் வாழ்க்கை எளிதாக இல்லை. மேடையிலிருந்து சினிமாவுக்குப் போன நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு 1947இல் விடுதலையானார், 1957இல் மறைந்தார். இன்னொரு திரைப்பட நகைச்சுவை நடிகரான சந்திரபாபுவைக் கடனும் மணமுறிவும் குடியும் சேர்ந்து நொறுக்கின, 1974இல் இறந்தார். இருவருமே ஐம்பதைத் தொடவில்லை.

இன்றும் இரவெல்லாம் மேடையில் நிற்கும் பபூன்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனையும், வேலையில்லாத மாதங்களுக்கு உதவித்தொகையும் உடனே தேவை.